புழுவின் வழி கண்ட கிராசி

சந்தையிலிருந்து வாங்கி வந்த கீரைக்கட்டினைக் கண்டால் கண் குளிர்கின்றது. நீர்த்துளி தங்கிய இலைகளும், வெண்ணிற முள்ளங்கியும், பசிய வெள்ளரிப்பிஞ்சும், சிவந்த தக்காளியும் காண்பவர் உள்ளத்தைக் கவர்கின்றன. இவை உடலுக்கு உரம் தருவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் கண்ணுக்கு இனியன எல்லாம் தூயன ஆகிவிடமாட்டா. இலையின் மடிப்பிலும் வேரின் சுருக்கத்திலும் ஒட்டியிருக்கும் சிறு மண்துகளினுள் குடற்புழுக்களின் முட்டைகள் மறைந்திருத்தல் கூடும். அம்முட்டை ஒன்று, ஒரு மில்லிமீட்டரை இருபது கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு என்னும் அளவினதே. அதனை வெறுங்கண்ணால் காண இயலாது. அறியாமல் விழுங்கினாலோ, அதிலிருந்து தோன்றும் புழு நம் குடலைத் தன் குடியிருப்பு ஆக்கிக்கொள்ளும்.

இவ்வுண்மை இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்தது. ஆனால், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் இது பேரறிஞர்க்கும் விளங்காத புதிராக இருந்தது. அப்புதிரை விடுவிக்கும் பொருட்டுத் தம் உடலையே ஆய்வுக்களமாக்கிக் கொண்ட இளைஞர் ஒருவர் இத்தாலி நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜியோவன்னி பட்டிஸ்டா கிராசி என்பார். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

இத்தாலியின் வடபகுதியில் லொம்பார்டி என்னும் மாநிலம் உள்ளது. அங்கே கோமோ நகருக்கு அண்மையில் ரொவெல்லாஸ்கா என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூரில் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் கிராசி பிறந்தார். அக்காலத்தில் லொம்பார்டி ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. கிராசிக்கு ஏழு வயது நிரம்பும் வேளையில்தான் பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்த இத்தாலி ஒரே நாடாக இணைந்தது. தந்தையார் ஊராட்சியில் அலுவல் பார்த்தவர். தாயார் உழவர் குடியில் தோன்றிய அறிவு மிக்க அம்மையார்.

கிராசி 1872ஆம் ஆண்டில் பாவியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். நரம்பணுக்களின் அமைப்பை ஆராய்ந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கமில்லோ கோல்ஜி அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். நுண்ணோக்கியின் வழியே பொறுமையோடு நோக்கும் பழக்கத்தைக் கிராசி அங்கேதான் கைக்கொண்டார். நூலில் எழுதியதைப் படித்து ஒப்பிப்பதோடு நின்றுவிடாமல், தாமே பார்த்து உறுதி செய்தபின் ஒன்றனை ஏற்றல் என்பது அவர்தம் இயல்பாயிற்று.

ஊர்ப் பூனைகளுக்கு வந்த நோய்

மாணவராக இருந்த காலத்திலேயே அவருடைய கூரிய நோக்கு வெளிப்பட்டது. 1876ஆம் ஆண்டு அவருடைய பிறந்த ஊரில் பூனைகள் பல அடுத்தடுத்து இறந்தன. பூனை இறந்ததற்குக் காரணம் தேடி எவர் முனைவார்? இருபத்திரண்டு வயதினரான கிராசி முனைந்தார். இறந்த பூனைகளின் குடலை அறுத்துப் பார்த்தார். குடற்சுவரைப் பற்றிக்கொண்டு வாழும் கொக்கிப்புழு இனம் ஒன்று அங்கே மலிந்திருக்கக் கண்டார். பூனைகளின் உயிரை வாங்கியது அப்புழுக்கூட்டமே என்று தெளிந்தார்.

இந்நிகழ்ச்சி அவருடைய வாழ்க்கைக்குத் திசை காட்டிற்று. பிற உயிரின் உடலில் தங்கி, அவ்வுடலின் உணவை உண்டு வாழும் உயிர்களை ஒட்டுண்ணிகள் என்பர். அவ்வொட்டுண்ணிகளின் வாழ்க்கையை ஆராய்வதே தம் பணி எனக் கிராசி உறுதி கொண்டார்.

அந்நாளில், மனிதருடைய குடலில் கொக்கிப்புழு இருப்பதைப் பெரும்பாலும் அவர் இறந்த பின்னரே மருத்துவர் அறிந்தனர். உயிரோடு இருக்கும்போதே அறிய வழி உண்டா என்று கிராசி ஆராய்ந்தார். குடலில் வாழும் பெண்புழு முட்டையிடுமாயின், அம்முட்டை மலத்தோடு வெளிப்பட வேண்டுமன்றோ? கொராடோ பரோனா, எர்னெஸ்டோ பரோனா என்னும் இருவரோடு கூடி அவர் நோயாளிகளின் மலத்தை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினார். முட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. முட்டையைக் கண்டு நோயை அறியும் இம்முறையை அவர்கள் 1878ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே கிராசி மருத்துவப் பட்டமும் பெற்றார்.

அப்போது ஆல்ப்சு மலையைக் குடைந்து, கோத்தார்டு இருப்புப்பாதைச் சுரங்கத்தை அமைத்துக்கொண்டிருந்தனர். அங்கே உழைத்த தொழிலாளருள் இத்தாலியர் பலர். அவர்கள் குருதி வற்றி வெளிறி, நடக்கவும் வலியின்றி வீழ்ந்தனர். 1880ஆம் ஆண்டில் அத்தொழிலாளரை ஆராய்ந்தவர்கள், அந்நோய்க்குக் கொக்கிப்புழுவே காரணம் என்று கண்டனர். மலத்தில் முட்டையைத் தேடும் முறை அவ்வாய்வுக்குப் பெருந்துணை செய்தது. இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளில் குடற்புழு நோயை அறியும் வழி இதுவே.

விளங்காத புதிர்

கொக்கிப்புழுவினும் பரவலாக மக்களைப் பற்றிய புழு ஒன்று உண்டு. அதுவே உருளைப்புழு. நம் நாட்டில் இதனை நாக்குப்பூச்சி என்றும் வழங்குவர். பெண்புழு ஓர் அடி நீளம்வரை வளரும். பழங்கால மருத்துவர்களும் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் இது மனிதனின் குடலுக்குள் எவ்வாறு நுழைகின்றது என்பதை எவரும் அறிந்தாரில்லை.

கெட்டுப்போன உணவிலிருந்து புழு தானாகவே குடலில் தோன்றுகின்றது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நம்பிக்கை தளர்ந்தது. பிரான்சு நாட்டு அறிஞரான கசிமிர் தவேன் என்பவர், உருளைப்புழுவின் முட்டைகளை ஈரமான இடத்தில் வைத்துக் காத்திருந்தார். உடலுக்கு வெளியே பன்னாள் கிடந்த பின்னரே அவற்றினுள் புழுக்குஞ்சு உருவாவதைக் கண்டார். அம்முட்டைகள் நீரின் வழியாகவும் உணவின் வழியாகவும் வாயை அடைதல் கூடும் என்பது அவர் கருத்து.

வேறு சிலர் இதனை ஏற்கவில்லை. அவர்கள் மறுத்ததற்கும் காரணம் இருந்தது. மனிதன் உடலில் வாழும் நாடாப்புழு ஒன்று முதலில் பன்றியின் தசையில் வளர்ந்து, அவ்விறைச்சியை உண்பவர் குடலை அடைகின்றது என்பதைக் கூச்சென்மைஸ்டர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1850ஆம் ஆண்டுகளில் மெய்ப்பித்திருந்தார். உருளைப்புழுவும் அதுபோல வேறோர் உயிரின் உடலில் முதற்பருவத்தைக் கழித்த பின்னரே மனிதனிடம் வருதல் வேண்டும் என்று அறிஞர் பலர் எண்ணினர். லாய்க்கார்ட் என்னும் புகழ்மிக்க ஜெர்மானியப் பேராசிரியரும் அக்கருத்தினரே. முட்டைகளை நேராக உண்ணச் செய்து அவர் நடத்திய ஆய்வுகள் பயனளிக்காமையால் அவர் அம்முடிவுக்கு வந்தார்.

இது வெறும் சொற்போர் அன்று. மக்களுடைய நலம் இதில் அடங்கியிருந்தது. புழு வேறோர் உயிரின் வழியாக வருவதாயின், அவ்வுயிரைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும். அது மண்ணிலிருந்தே நேராக வருவதாயின், மண் படிந்த காய்கறியையும், மாசு கலந்த நீரையும், கழுவாத கையையும் அஞ்ச வேண்டும். இவ்விரண்டனுள் எது மெய் என்று தெரியாதவரையில் நோயைத் தடுக்கும் வழியும் தெரியாது.

உடலே ஆய்வுக்களம்

1878ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் கிராசி ஒரு பிணத்தை அறுத்து ஆராய்ந்தார். அப்பிணத்தின் பெருங்குடலில் உருளைப்புழுவின் முட்டைகள் எண்ணற்றுக் கிடந்தன. நெடுநாள் தேடிய பொருள் கிட்டியதுபோல் அவர் மகிழ்ந்தார். அம்முட்டைகளை மலத்தோடு சேர்த்து ஈரம் புலராதபடி பல திங்கள் காத்து வந்தார். அவற்றினுள் புழுக்குஞ்சு உருவாகும்வரை பொறுத்திருந்தார்.

அவற்றை உண்பதற்கு எவரைத் தேடுவது? பிறரை இடர்ப்படுத்த அவர் எண்ணவில்லை. தாமே உண்பது என்று துணிந்தார். ஆனால், தம் குடலில் முன்னரே புழு இருக்குமாயின் ஆய்வு வீணாகிவிடும். ஆதலின், தம் மலத்தையே நுண்ணோக்கியில் வைத்துப் பன்முறை ஆராய்ந்து, முட்டை ஒன்றும் இல்லை என்று தெளிந்தார். அதன் பின்னர், 1879ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள் ஏறத்தாழ நூறு முட்டைகளை விழுங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

நாள்கள் கழிந்தன. அவர் தம்மையே ஒரு நோயாளியைப்போலக் கருதி ஆராய்ந்து வந்தார். ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள் அவருடைய மலத்தில் உருளைப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. தம் குடலில் புழு வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிட்டது என்று அவர் முடிவு செய்தார். பிறகு மருந்து உண்டு புழுவை வெளியேற்றினார். இடையில் வேறோர் உயிர் தேவையில்லை. முதிர்ந்த முட்டை வாயின் வழியே குடலை அடைதலே போதும் என்பது அவர் கண்ட முடிவு.

முடிவு மெய், சான்று போதாது

மாணவர்களே, இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் காணவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிராசியின் முடிவு முற்றிலும் மெய்யானது. ஆயினும் அவருடைய ஆய்வு அம்முடிவை ஐயமின்றி மெய்ப்பித்தது என்று இன்று கூற இயலாது. முட்டை விழுங்கப்பட்ட நாள்முதல் புழு முதிர்ந்து தானும் முட்டையிடுவதற்கு இரண்டு முதல் மூன்று திங்கள் ஆகும் என்பது பின்னர் அறியப்பட்ட செய்தி. கிராசியோ முப்பத்திரண்டாம் நாளிலேயே முட்டைகளைக் கண்டார். எனவே, அவர் கண்ட முட்டைகளை இட்ட புழு, அவர் அறியாமலே அதற்கு முன்னர் அவர் உடலில் புகுந்திருத்தல் வேண்டும். ஆண்புழுவும், முட்டையிடும் பருவத்தை எய்தாத இளம்புழுவும் உடலில் இருக்குமாயின் மலத்தில் முட்டையைக் காண இயலாது. தம் உடல் தூயது என்று உறுதி செய்துகொண்ட அறிஞரையும் புழு ஏமாற்றிவிட்டது. இதுவே, எத்துணை விழிப்புடையவரும் நாள்தோறும் உண்ணும் உணவின் வழியாகப் புழுவை ஏற்றுக்கொள்ளுதல் கூடும் என்பதற்கு ஒரு சான்றாகின்றது.

உறுதியான சான்றுகளைப் பிறர் தேடித் தந்தனர். கிராசியோடு சிசிலித் தீவில் பணியாற்றிய கலாந்துருச்சோ என்பவர், 1886ஆம் ஆண்டையொட்டி முதிர்ந்த முட்டைகளைச் சிறுவன் ஒருவனுக்குக் கொடுத்து, அவன் குடலில் புழுக்கள் வளர்ந்ததைக் காட்டினார். குழந்தைகளை இவ்வாறு ஆய்வுக்கு உட்படுத்துதல் அறமன்று என்பது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட நெறி. 1916ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கில மருத்துவர் எலிகளுக்கு முட்டைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, புழுக்குஞ்சுகள் நுரையீரலில் காணப்பட்டன. குடலில் வாழும் புழுவுக்கு நுரையீரலில் யாது வேலை என்று அறிஞர் வியந்தனர்.

1922ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் குழந்தை மருத்துவரான கொய்னோ என்பவர் இரண்டாயிரம் முட்டைகளைத் தாமே விழுங்கினார். சில நாள்களில் கடுங்காய்ச்சலும் இருமலும் அவரை வருத்தின. அவருடைய சளியில் புழுக்குஞ்சுகள் தென்பட்டன. இதனால் புழுவின் பயணம் முழுவதும் விளங்கிற்று. முட்டை சிறுகுடலில் பொரிக்கின்றது. குஞ்சு குடற்சுவரைத் துளைத்துக் குருதியோடு கலந்து, கல்லீரல் வழியாக நுரையீரலை அடைகின்றது. அங்கிருந்து மூச்சுக்குழல் வழியே மேலேறித் தொண்டையை அடைந்து, மீண்டும் விழுங்கப்பட்டுக் குடலுக்கே வந்து முதிர்கின்றது. இடையில் வேறோர் உயிர் இல்லை என்ற கிராசியின் கருத்து இவ்வாறு நிலைபெற்றது. ஒருவர் தொடங்கிய பணியைப் பலர் தொடர்ந்து, குறை நீக்கி முடித்து வைப்பதே அறிவியலின் இயல்பு.

மண்ணும் காய்கறியும்

உருளைப்புழுவின் பெண்புழு ஒரே நாளில் இரண்டு இலட்சம் முட்டைகள்வரை இடும். அவை மலத்தோடு வெளிவரும்போது நோய் தரும் நிலையில் இரா. ஈரமும் நிழலும் வெப்பமும் பொருந்திய மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம்வரை கிடந்து முதிர்ந்த பின்னரே அவற்றுக்கு அவ்வாற்றல் உண்டாகும். முட்டையின் ஓடு பல அடுக்குகளை உடையது. மேலடுக்கு ஒட்டுந்தன்மை வாய்ந்தது. ஏற்ற மண்ணில் அம்முட்டை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்க வல்லது.

திறந்த வெளியில் மலங்கழித்தலாலும், பதப்படுத்தாத மலத்தை எருவாக இடுதலாலும், கழிவுநீரைப் பாய்ச்சுதலாலும் முட்டைகள் தோட்டத்தை அடைகின்றன. தரையை ஒட்டி வளரும் கீரையும், தழை நெருங்கிய கொத்தமல்லியும் புதினாவும், மண்ணுக்குள் விளையும் கேரட்டும் முள்ளங்கியும், நிலத்தில் படர்ந்து காய்க்கும் வெள்ளரியும் அம்மண்ணை எளிதில் தாங்கி வருகின்றன. மரத்தில் பழுத்த கனியும், நிலத்தில் விழுந்தாலோ அழுக்கு நீரில் அலம்பப்பட்டாலோ மாசடைகின்றது. சமைத்து உண்ணும் காயால் தீங்கில்லை. 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் முட்டைகள் சில நிமிடங்களில் மடிந்துவிடும். பச்சையாக உண்பனவே அச்சத்திற்கு உரியன.

இதற்கு ஜப்பானின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மக்களின் மலத்தை வயலுக்கு எருவாக இடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் அந்நாட்டு மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் உருளைப்புழுவால் பற்றப்பட்டிருந்தனர். அங்கே தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் அக்காய்கறிகளைப் பச்சையாக உண்ண அஞ்சினர். 1946ஆம் ஆண்டில் டோக்கியோவிற்கு அண்மையிலுள்ள சோபு என்னுமிடத்தில், மண்ணே இல்லாமல் சத்து நீரில் செடி வளர்க்கும் பெருந்தோட்டத்தை அமைத்து, அதில் விளைந்த காய்கறிகளையே உண்டனர். ஜப்பானியரோ பள்ளிகளிலும் ஊர்களிலும் மலத்தை ஆராய்ந்து, புழு உடையவர்க்கு மருந்து கொடுத்து, மலவுரத்தையும் படிப்படியாகக் கைவிட்டனர். சில பத்தாண்டுகளில் அந்நோய் அந்நாட்டில் ஏறத்தாழ இல்லாதொழிந்தது. கிராசி முதலியோர் கண்ட வழியை அடைத்தமையால் விளைந்த வெற்றி இது.

கழிவுநீரைப் பாய்ச்சி விளைவிக்கும் காய்கறிகளைக் குறித்து உலக நலவாழ்வு நிறுவனம் 1989ஆம் ஆண்டில் ஒரு வரையறை வகுத்தது. பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாயும் நீரில், ஒரு லிட்டருக்குக் குடற்புழு முட்டை ஒன்றுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டைக்கு அந்நிறுவனம் அளித்த மதிப்பு எத்துணை என்பதை இதனால் உணரலாம்.

பேராசிரியர் கிராசி

கிராசியின் பிற்கால வாழ்க்கையும் அருஞ்செயல்கள் நிறைந்தது. அவர் மெசினாவிலும், ஜெர்மனியில் ஹைடல்பர்க்கு நகரிலும் உயிரியல் பயின்றார். ஹைடல்பர்க்கில் மரியா கோயனன் என்னும் நங்கையைக் கண்டு மணந்துகொண்டார். 1883ஆம் ஆண்டில், தம் இருபத்தொன்பதாம் வயதில், சிசிலித் தீவிலுள்ள கட்டானியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அங்கே, குறு நாடாப்புழு என்பது வேறோர் உயிரின் துணையின்றி முட்டையிலிருந்தே நேராக உடலில் வளர வல்லது என்பதைக் கண்டார். மாசு படிந்த உணவாலும் கையாலும் பரவும் ஒட்டுண்ணிகளுள் அதுவும் ஒன்று.

புழு ஆராய்ச்சியோடு அவர் அமையவில்லை. கறையான்களின் குடிவாழ்க்கையை ஆராய்ந்தார். கடலில் கண்ணாடிபோல் ஒளிவிடும் இலை வடிவச் சிறு மீனினம் தனி இனமன்று, விலாங்குமீனின் இளம்பருவமே என்பதைக் கலாந்துருச்சோவோடு கூடி மெய்ப்பித்தார். இவற்றுக்காக இங்கிலாந்தின் அரச கழகம் 1896ஆம் ஆண்டில் அவருக்கு டார்வின் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் உரோமைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி ஏற்றிருந்தார்.

உரோம் நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் மலேரியாக் காய்ச்சல் ஆண்டுதோறும் உழவர் பலரைக் கொன்று வந்தது. 1897ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ரொனால்டு ராசு, நம் நாட்டிலுள்ள சிக்கந்தராபாத்தில் ஒருவகைக் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அடுத்த ஆண்டில் கல்கத்தாவில், பறவைகளின் மலேரியாவைக் கொசு பரப்புதலை மெய்ப்பித்தார். அவ்வாண்டின் இறுதியில் கிராசி, பிஞ்ஞாமி, பாஸ்டியனெல்லி என்னும் இருவரோடு கூடி, மனிதரிடையே மலேரியாவைப் பரப்புவது அனாபிலிசு என்னும் கொசுவே என்று நிலைநாட்டினார். 1900ஆம் ஆண்டில் கப்பாச்சோ என்னும் சமவெளியில் 112 பேரை மாலை முதல் காலை வரை கொசு புகாத வீடுகளில் இருக்கச் செய்தார். அவர்களுள் ஐவர்க்கே காய்ச்சல் கண்டது. காப்பின்றி அங்கே வாழ்ந்தவரோ ஏறத்தாழ அனைவரும் நோயுற்றனர்.

1902ஆம் ஆண்டில் நோபல் பரிசு ராசுக்கு மட்டும் வழங்கப்பட்டது. கிராசி மனம் நொந்தார். இப்பெருங்கண்டுபிடிப்பில் எவர் முந்தியவர் என்னும் பூசல் இருவருக்குமிடையே கடுமையாக மூண்டது. இருவருமே ஒருவரையொருவர் தகாத சொற்களால் தாக்கினர். அறிவிற் பெரியோரும் புகழ் ஆசைக்கு ஆட்படுதல் உண்டு என்பதை இது காட்டுகின்றது. அவ்விருவர் பணியையும் இன்றைய உலகம் ஒருங்கே போற்றுகின்றது.

இறுதி நாள்கள்

கிராசி 1908ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மேலவையின் உறுப்பினர் ஆனார். எனினும் பதவியின் பெருமை அவரை ஏழை மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. முதல் உலகப்போருக்குப் பின்னர், டைபர் ஆறு கடலோடு கலக்கும் இடத்திலுள்ள ஃபியுமிச்சினோ என்னும் ஊரில் மலேரியா ஆய்வில் மீண்டும் ஈடுபட்டு, அவ்வூர் மக்களின் காய்ச்சலை நீக்கப் பாடுபட்டார். 1925ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் உரோமில் உயிர் நீத்தார். அவர் விரும்பியபடியே ஃபியுமிச்சினோவின் சிறிய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். பெருநகரின் நினைவு மண்டபத்தைவிடத் தாம் பணி செய்த எளிய மக்களின் ஊரே அவருக்கு இனியதாய்த் தோன்றியது.

நமது கடமை

கிராசி கண்ட வழி இன்னும் உலகில் முற்றும் அடைபடவில்லை. உருளைப்புழு முதலாக மண்ணின் வழியே பரவும் குடற்புழுக்கள் இன்றும் உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களைப் பற்றியுள்ளன. குழந்தைகள் உண்ணும் உணவின் சத்தைப் புழு உறிஞ்சுகின்றது. அதனால் அவர்கள் வளர்ச்சி குன்றிப் படிப்பிலும் தளர்கின்றனர். புழுக்கள் மிகுந்து பந்துபோல் திரண்டு குடலை அடைத்து உயிருக்கே ஊறு செய்தலும் உண்டு. இதனைத் தடுக்கவே இந்திய அரசு 2015ஆம் ஆண்டில் தேசியக் குடற்புழு நீக்க நாளை ஏற்படுத்திப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை வழங்கத் தொடங்கியது. மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைப் போக்கும். புதிய புழு புகாமல் காப்பது நம் கையில் உள்ளது.

கீரையையும் தழையையும் கட்டோடு நீரில் அமிழ்த்தி எடுத்தல் போதாது. கட்டைப் பிரித்து, இலை இலையாக ஓடும் நீரில் பன்முறை அலசுதல் வேண்டும். கேரட்டு, முள்ளங்கி முதலியவற்றைத் தேய்த்துக் கழுவித் தோல் சீவுதல் நன்று. உப்பு நீரிலோ காடியிலோ ஊற வைத்தால் முட்டை இறந்துவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது. நீரைச் சுத்திகரிக்க இடும் குளோரினையும் தாங்க வல்லது அது. மண்ணைக் கழுவி நீக்குதலும், சமைத்தலுமே உறுதியான காப்பு. உண்ணுமுன்னும் கழிப்பிடம் சென்று வந்த பின்னும் கையைச் சோப்பால் கழுவுதலும், நகத்தை ஒட்ட நறுக்குதலும், கழிப்பிடத்தையன்றி வேறிடத்தில் மலங்கழியாமையும் எல்லோர்க்கும் உரிய கடமைகள்.

நூறு முட்டைகளைத் தெரிந்தே விழுங்கினார் ஓர் இளைஞர். மற்றவர் எவரும் ஒரு முட்டையைக்கூடத் தெரியாமல் விழுங்கிவிடக் கூடாது என்பதற்கு அவருடைய துணிவு வழி வகுத்தது. கீரைக்கட்டினைப் பிரித்து நீரில் அலசும் பொழுதெல்லாம் அவரை நன்றியோடு நினைப்போமாக.